கைத்தொலைபேசி: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்?

"டிரசரய்யா, போனைச் சட்டைப் பையிலே வச்சிருந்தா நெஞ்சுக்கு ஆகாதாமே, புத்து வந்துடுமாமே, நெசந்தானா?"

தோட்டத்துக் கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளில் இதுவும் ஒன்று. கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் கேட்டுவிட்டு வெளியே போகிறவர் என்ன செய்கிறார்? மோட்டார் சைக்கிளில் ஏறி, அதே போனை ஹெல்மெட்டுக்குள் காதோரம் செருகிக்கொண்டு, பேசியபடியே செம்மண் ரோட்டில் பறக்கிறார். காட்டுப் புலிக்குப் பயந்து, வாசல்படியில் படுத்திருக்கும் பாம்பை மிதிக்கிற கதையாக அல்லவா இருக்கிறது!

ஆகவே இந்த முறை கைத்தொலைபேசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசுவோம். போன் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. 1973 ஏப்ரல் 3-ஆம் தேதி நியூயார்க் நகரத் தெருவில் நின்றுகொண்டு மார்ட்டின் கூப்பர் என்ற பொறியாளர் முதன்முதலாகக் கையடக்கத் தொலைபேசியில் பேசினார். அன்று அதன் எடை ஒரு கிலோவுக்கு மேல். இன்று அது பெரட்டுக்குப் போகிறவர் சட்டைப் பையிலும் இருக்கிறது, ஆயாக் கொட்டகையில் குழந்தை கையிலும் இருக்கிறது. சம்பளம் அதில் வருகிறது, பிள்ளையின் பள்ளிக்கூடச் செய்தி அதில் வருகிறது. வங்காளதேசத்திலிருந்து வந்து நம்மோடு குலை வெட்டும் தம்பி தன் தாயின் முகத்தைப் பார்ப்பதும் அதில்தான். அப்படிப்பட்ட சாமானை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி.

புற்றுநோய்ப் பயம்

முதலில் இந்தப் பயத்தை முடித்துவிடுவோம். போனிலிருந்து வெளிப்படுவது வானொலி அலை. எக்ஸ்ரே கதிருக்கு உடம்பின் அணுக்களைச் சிதைக்கும் சக்தி உண்டு. வானொலி அலைக்கு அந்தச் சக்தி கிடையாது. மிஞ்சிப்போனால் சதையைச் சிறிதளவு சூடாக்கும். அந்தச் சூடும் கூடக்கூடாது என்று, தலைப்பகுதியில் ஒரு கிலோ சதைக்கு 2 வாட்டுக்கு மேல் போகாமல் இருக்க அனைத்துலக அளவில் வரம்பு வைத்திருக்கிறார்கள்.

2011-ஆம் ஆண்டு மே மாதம் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு மையம் இந்த அலைகளை "புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்" என்ற வகையில் சேர்த்தது உண்மை. பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வந்தது. ஊறவைத்த காய்கறியும் அதே வகையில்தான் இருக்கிறது என்பதை யாரும் பெரிய எழுத்தில் போடவில்லை! அதன் பிறகு, உலகச் சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டபடி ஆய்வாளர்கள் 1994 முதல் 2022 வரை வெளிவந்த 63 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். கைத்தொலைபேசி பயன்படுத்துவதற்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை என்பதே அந்த முடிவு. பல வருடம் பேசியவர்களிடமும் காணப்படவில்லை.

அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால் ஒலிபெருக்கியைப் போட்டுத் தள்ளி வைத்துப் பேசுங்கள். பள்ளத்து டிவிஷன்களில் சிக்னல் குறைவாக இருக்கும்போதுதான் போன் அதிக சக்தியைக் கக்குகிறது. மேட்டுக்கு வந்து பேசினால் அதுவும் குறையும். இதயத்தில் பேஸ்மேக்கர் கருவி பொருத்தியவர்கள் மட்டும் இடப்பக்கச் சட்டைப் பையில் போனை வைக்காமல், அந்தக் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் இந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

இனி, பயப்பட வேண்டியவற்றுக்கு வருகிறேன்.

சார்ஜ் போடும் இடம்

லயத்து வீடுகளுக்குள் போய்ப் பார்த்தால் என் வயிறு கலங்குகிற காட்சி ஒன்று உண்டு. சுவரில் ஒரே ஒரு பிளக். அதில் ஒரு நீட்டு வயர். அந்த நீட்டு வயரில் விசிறி, டிவி, சோற்றுப் பானை, நான்கு போன். இதில் இரண்டு போன் சார்ஜர்கள் இரண்டு கால் கொண்டவை. நம் நாட்டு பிளக் மூன்று துவாரம் உள்ளது. மேல் துவாரத்தில் கால் நுழைந்தால்தான் கீழ்த் துவாரங்கள் திறக்கும். அது பாதுகாப்புக்காகவே அப்படிச் செய்யப்பட்டது. நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? மேல் துவாரத்தில் பேனா மூடியையோ ஸ்குரு டிரைவரையோ விட்டு அழுத்திக்கொண்டு, இரண்டு கால் சார்ஜரை உள்ளே திணிக்கிறார்கள். பத்து வயசுப் பிள்ளைகூட இதைப் பழகிக்கொண்டிருக்கிறது.

இதில் இரண்டு ஆபத்து. கையில் இருப்பது இரும்பாக இருந்து, கைதவறிக் கீழ்த் துவாரத்தில் பட்டால் முடிந்தது கதை. அப்படிப் படாவிட்டாலும், அந்த இரண்டு கால் பிளக்கில் சரியாகப் பிடித்து உட்காராது. ஆடும், பொறி பறக்கும், சூடாகும். மூன்று கால் பிளக்குக்குள் இருக்கும் பியூஸ் இதில் கிடையாது. பஞ்சு மெத்தையும் பலகைச் சுவரும் பக்கத்திலேயே இருக்கும் வீட்டில் தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்?

சார்ஜர் என்ற அந்தச் சின்னப் பெட்டியின் வேலை, சுவரில் வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 5 வோல்ட், 9 வோல்ட் என்ற அளவுக்கு இறக்கிப் போனுக்குக் கொடுப்பது. நல்ல சார்ஜரில் இந்த இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தொடாதபடி உள்ளே நல்ல தடுப்பு இருக்கும். பாசார் மாலாமில் மலிவு விலைக்கு விற்பதில் அந்தத் தடுப்பு பெயருக்குத்தான் இருக்கும். அது விட்டுப்போனால் சுவர் மின்சாரம் முழுசாக வயர் வழியே இறங்கி, போன் வழியே, காதில் மாட்டிய இயர்போன் வழியே மனிதன் உடம்புக்குள் போகும். 2018 டிசம்பரில் நெகிரி செம்பிலானில் இயர்போனைக் காதில் மாட்டியபடி, சார்ஜில் இருந்த போனோடு ஒரு பையன் வீட்டில் இறந்து கிடந்த செய்தி எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. படித்தோம், உச்சுக் கொட்டினோம், மறந்துவிட்டோம்.

ஆகவே சார்ஜர் வாங்கும்போது மூன்று கால் உள்ளதாக, சிரிம் முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இப்போது குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி. அதில் சார்ஜருக்குக் கூடுதலாகப் பத்து, இருபது வெள்ளி கொடுப்பது வலிக்கத்தான் செய்யும். இருந்தாலும் கொடுங்கள். வயர் கிழிந்தால் டேப் சுற்றி ஓட்டாதீர்கள். சார்ஜில் இருக்கும்போது இயர்போன் மாட்டாதீர்கள். குளித்துவிட்டு ஈரக் கையோடு தொடாதீர்கள். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவது அறவே கூடாது. சூடு வெளியேற வழியில்லாமல் பேட்டரி கொதித்துப் போகும்.

பேட்டரி உப்பி, போனின் முதுகு மேலே எழும்பினால் அது வெடிக்கத் தயாராகிறது என்று அர்த்தம். "இன்னும் ஓடுதே டிரசரய்யா" என்பார்கள். ஓடும்தான். அணைத்து, சார்ஜ் போடாமல், கடையில் கொடுத்து மாற்றிவிடுங்கள். உப்பிய பேட்டரியை ஊசியால் குத்திக் காற்று எடுக்கப் பார்த்தால் கையிலேயே தீப்பிடிக்கும். குப்பையோடு சேர்த்துக் கொளுத்துவதும் அதே கதைதான்.

வீட்டு மீட்டர் பெட்டியில் இ.எல்.சி.பி. என்ற சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். மின்சாரம் கசிந்தால் கண் மூடித் திறப்பதற்குள் அறுத்துவிடும் சாதனம் அது. அதில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அதை அமுக்கினால் மின்சாரம் படாரென்று நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றாலோ, அந்த சுவிட்சே இல்லை என்றாலோ தோட்ட ஆபீசில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். நகல் ஒன்றைத் தலைவரிடம் கொடுத்து வையுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். பழைய லயங்களில் "அடிக்கடி விழுகிறது" என்று அதை நேர்வயர் போட்டுத் தாண்டி வைத்திருப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடிக்கடி விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அது கூப்பாடு போடுகிறது. கூப்பாடு போடுகிறவன் வாயைக் கட்டினால் சரியாகிவிடுமா?

யாராவது மின்சாரம் பாய்ந்து விழுந்து கிடந்தால் ஓடிப்போய்த் தொடாதீர்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் வயரைத் தள்ளுங்கள். மூச்சு இல்லையென்றால் ஒருவர் 999-ஐக் கூப்பிட, இன்னொருவர் நெஞ்சின் நடுவே இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். தீக்காயம் என்றால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசையும் கிச்சாப்பும் தடவிக்கொண்டு கிளினிக்குக்கு வராதீர்கள். அதைக் கழுவி எடுப்பதற்குள் நோயாளிக்கும் உயிர் போகிறது, எனக்கும் உயிர் போகிறது.

வேலைக்காட்டில்

செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிற இடத்தில் இயர்போன் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கும் பழக்கம் இளவட்டங்களிடம் பரவிவிட்டது. உதிரிப் பழம் பொறுக்கும் பெண்களிடமும் பார்க்கிறேன். தனியாக நின்று செய்யும் வேலை, பாட்டுத் துணையாக இருக்கிறது. அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஒரு குலை 20 கிலோ இருக்கும், முற்றிய மரத்தில் அதற்கு மேலும் இருக்கும். முள்ளு முள்ளாக மட்டை வேறு. வெட்டுகிறவர் "தள்ளு, தள்ளு!" என்று கத்துவது காதில் விழுந்தால்தானே தள்ளுவீர்கள்? டிராக்டர் பின்னால் வரும் சத்தமும், சருகில் பாம்பு ஊரும் சத்தமும் நம் காதுக்குத்தான் முதலில் வரும். காட்டு வேலையில் கண்ணைவிடக் காதுதான் காவல். புல் வெட்டும் இயந்திரம் தூக்குகிறவர்கள் அந்த இரைச்சலை மீறிப் பாட்டைக் கூட்டி வைக்கிறார்கள். காதுக்குள் இருக்கும் நுண்ணிய மயிர் அணுக்கள் ஒரு தடவை செத்தால் மறுபடி முளைக்காது. பாட்டு கேட்கத்தான் வேண்டுமென்றால் வேலை முடிந்த பிறகு, முழு அளவில் 60 விழுக்காட்டுக்குள் சத்தம் வைத்துக் கேளுங்கள்.

மோட்டார் சைக்கிள் விஷயம் முதலிலேயே சொன்னேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் மூன்று விநாடி போனைப் பார்த்தால், அந்த மூன்று விநாடியில் வண்டி 50 மீட்டர் ஓடிவிடும். ஐம்பது மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுங்கள் என்றால் ஓட்டுவீர்களா? சட்டமும் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்து விதிகளில் 17A-ஆவது விதிப்படி ஓட்டும்போது போனைக் கையில் பிடிப்பது குற்றம். 300 வெள்ளி வரை சம்மன் கட்ட வேண்டி வரும். தோட்டத்து ரோட்டில் போலீஸ் நிற்காது என்பீர்கள். குலை லாரி நிற்குமே!

இப்போது சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையில் நான் மிக முக்கியமாகக் கருதுவது. மருந்தடிக்கிறவர்கள் கூர்ந்து படியுங்கள்.

மருந்து பம்பைத் தூக்கியவர் நிரையின் நடுவில் இருக்கும்போது போன் அடிக்கிறது. கையில் ரப்பர் கையுறை. கையுறையோடு தொட்டால் திரை வேலை செய்யாது. அதனால் என்ன செய்கிறார்? விரல் நுனியைப் பல்லால் கடித்து இழுத்துக் கையுறையைக் கழற்றுகிறார்! மருந்து நேராக வாய்க்குப் போகிறது. பிறகு அந்தக் கையால் போனை எடுத்துக் காதிலும் கன்னத்திலும் வைக்கிறார். பேசி முடித்து ஈரக் கால்சட்டைப் பையில் போடுகிறார். பாராகுவாட் என்ற பயங்கர மருந்தை நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள், அது உண்மை. அதற்காக இப்போது அடிக்கும் மருந்து பன்னீர் ஆகிவிடாது. கிளைபோசேட்டும் குளுபோசினேட்டும் கண்ணையும் தோலையும் அரிக்கும். வயிற்றுக்குள் போனால் விபரீதம்தான். பூச்சிமருந்துகள் சிலவற்றுக்கு நரம்பைத் தாக்கும் குணமே உண்டு.

கதை அதோடு முடிவதில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார். சட்டையைக் கழற்றித் தனியாக ஊறவைக்கிறார், குளிக்கிறார், சோப்புப் போட்டுத் தேய்க்கிறார். எல்லாம் நாங்கள் சொல்லிக் கொடுத்தபடியே செய்கிறார். போனை? அது மேசை மேல் இருக்கிறது. அதைத் தவழும் குழந்தை எடுத்து வாயில் வைத்துச் சப்புகிறது. அப்பாவின் உடம்பைக் கழுவினோம், அப்பாவின் போனைக் கழுவவில்லை. குழந்தையின் உடம்பு பத்துக் கிலோகூட இராது; பெரியவருக்கு ஒன்றும் செய்யாத அளவு அந்தப் பிஞ்சுக்கு அதிகம். கண் எரிச்சல், வாயைச் சுற்றிக் கொப்புளம் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாயிடம் இப்போதெல்லாம் நான் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டிலே மருந்தடிக்கிறது யாரு? அவரு போனு எங்கே?" என்பதுதான்.

ஆகவே மருந்தடிக்கும் நாளில் போன் உடம்போடு இருக்கக் கூடாது. பசியாறக் கொண்டுவரும் சாமான்களோடு, வாய் கட்டிய பிளாஸ்டிக் பையில், மருந்து கலக்கும் இடத்துக்கு எட்டத் தள்ளி வையுங்கள். அவசரம் என்றால் கூட வேலை செய்கிறவருக்கோ மண்டோருக்கோ கூப்பிடச் சொல்லி வீட்டில் ஏற்பாடு செய்துவிடுங்கள். எடுக்க வேண்டியது வந்தால் கையுறையைக் கழுவிக் கழற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் போனை அணைத்து, உறையைத் தனியாகக் கழற்றிச் சோப்பு நீரில் கழுவி, போனைச் சோப்பு நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். துடைத்த துணியைச் சமையல்கட்டுத் துணியோடு சேர்க்காதீர்கள். கையுறை, முகமூடி, கழுவத் தண்ணீர், சோப்பு இவையெல்லாம் நிர்வாகம் கொடுக்க வேண்டியவை. கொடுக்கப்படவில்லை என்றால் கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள்.

இடி மின்னல் பற்றி இரண்டு வார்த்தை. போன் மின்னலை இழுக்கும் என்பது பொய். கையில் இருக்கும் போனால் மின்னல் வராது. வெட்டவெளியில் நிற்பதும், உயரமான மரத்தடியில் ஒதுங்குவதும், நீண்ட அலுமினியக் கம்பைத் தூக்கி நிற்பதும்தான் ஆளைக் கொல்லும். மின்னல் கண்டு முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கட்டடத்துக்கோ மூடிய லாரிக்கோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து வெளியே வாருங்கள். வீட்டுக்குள் இருக்கும்போது மட்டும் சார்ஜ் வயரில் மாட்டிய போனைத் தொடாதீர்கள். அந்த வயர் வழியாக மின்னல் உள்ளே வரும்.

கண், கழுத்து, தூக்கம்

காலை ஐந்து மணிக்கு எழுந்து பெரட்டுக்குப் போக வேண்டியவர் இரவு ஒரு மணி வரை படுக்கையில் வீடியோ பார்த்தால், மிச்சம் நான்கு மணி நேரத் தூக்கம். வளர்ந்த மனிதனுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். தூக்கம் குறைந்தால் இரத்த அழுத்தம் ஏறும், சர்க்கரை ஏறும். மறுநாள் வெட்டும்போது கத்தியும் தவறும். போனைப் படுக்கைக்கு எட்டாத இடத்தில் வைத்துப் படுங்கள். காலையில் அலாரத்தை நிறுத்த எழுந்து போக வேண்டியிருக்கும், அதுவும் நல்லதுதான். தலையின் எடை சுமார் ஐந்து கிலோ. குனியக் குனியக் கழுத்துக்கு அது பல மடங்கு பாரமாகும். போனைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். அவ்வளவுதான், இதற்கு மாத்திரை கேட்டு வர வேண்டியதில்லை.

பிள்ளைகளைப் பற்றித்தான் கவலை. ஒரு வாய் சோறு ஊட்ட ஒரு வீடியோ என்று ஆகிவிட்டது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே காட்டக்கூடாது, 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 2019-இல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. அந்த வயதில் பிள்ளை பேசக் கற்றுக்கொள்வது நம் வாயைப் பார்த்துத்தான். வெளியே வெளிச்சத்தில் ஓடி விளையாடுகிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை குறைவாக வருகிறது என்பதும் ஆய்வில் கண்டது. நம் தோட்டத்தில் திடல் இருக்கிறது, வெயில் இருக்கிறது, காசு கொடுக்க வேண்டியதில்லை.

போனிலே வரும் வைத்தியம்

"மாரடைப்பு வந்தால் பலமாக இருமுங்கள், பிழைத்துக்கொள்வீர்கள்." "பக்கவாதம் வந்தால் பத்து விரல் நுனியையும் ஊசியால் குத்தி இரத்தம் எடுங்கள்." இந்த இரண்டு செய்தியும் எத்தனை தடவை சுற்றி வந்திருக்கும்! இரண்டும் பொய். மூளையில் இரத்தக்கட்டி அடைத்து வரும் பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. அதை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். விரலைக் குத்திக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த நேரம் போய்விடும், கை காலும் போய்விடும். முகம் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால் உடனே பெரிய ஆஸ்பத்திரி.

இதைவிட மோசமானது போனிலே விற்கும் மருந்து. "மூட்டுவலி மூன்றே நாளில் பறந்துபோகும், சர்க்கரை வேரோடு போகும்" என்று வீடியோ வருகிறது. காசு அனுப்பினால் தபாலில் பொட்டலம் வருகிறது. தின்றால் வலி உண்மையிலேயே பறந்துபோகிறது, அதுதான் சூட்சுமம்! ஏனென்றால் இப்படிப்பட்ட மூலிகைப் பொடிகள் பலவற்றில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் திருட்டுத்தனமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. மாதக்கணக்கில் தின்றவர்களைப் பார்த்தாலே தெரியும்: முகம் நிலாப்போல உருண்டு உப்பியிருக்கும், கை கால் மெலிந்திருக்கும், தோல் தொட்டால் கன்றிப்போகும், சர்க்கரையும் அழுத்தமும் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். "சதை போட்டிருக்கேன், நல்லதுதானே டிரசரய்யா" என்று சந்தோஷமாகச் சொன்ன அம்மா ஒருவர் இருக்கிறார்கள். அவர்களுடைய இரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிட்டு அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் பதிவு பெற்ற மருந்து ஒவ்வொன்றிலும் எம்.ஏ.எல். என்ற மூன்று எழுத்தும் அதைத் தொடர்ந்து எட்டு இலக்க எண்ணும் இருக்கும். பாதுகாப்பு ஹோலோகிராம் முத்திரையும் ஒட்டியிருக்கும். இல்லாததைத் தொடாதீர்கள். நீரிழிவு, இருதய நோய், சிறுநீரக நோயை எல்லாம் குணமாக்கும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதையே 1956-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆகவே அப்படி விளம்பரம் செய்கிறவன் முதல் வார்த்தையிலேயே சட்டத்தை மீறுகிறான். ஏற்கெனவே இப்படி ஏதாவது சாப்பிட்டு வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் மயங்கி விழும் ஆபத்து உண்டு. பொட்டலத்தோடு கிளினிக்குக்கு வாருங்கள். நான் திட்டமாட்டேன். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான்.

பணமோசடியும் போனில்தான் வருகிறது. கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வரும், தொட்டால் வங்கிப் பணம் போய்விடும். அப்படி நேர்ந்தால் தாமதிக்காமல் 997-க்குக் கூப்பிடுங்கள். 2022 முதல் இயங்கும் மோசடித் தடுப்பு எண் அது. டிரசருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வட்டிக்காரன் மிரட்டலிலும் ஏமாந்த அவமானத்திலும் சாப்பிடாமல், தூங்காமல், "இனி இருந்து என்ன" என்று பேச ஆரம்பித்தவர்கள் என்னிடம்தான் வருகிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் லயத்தில் இருந்தால் தனியாக விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள், எங்களிடம் கூட்டி வாருங்கள். 15555 என்ற எண்ணில் சுகாதார அமைச்சின் மனநல ஆலோசகர்கள் பேசுவார்கள்.

கடைசியாக, ஆபத்து நேரத்தில் அதே போனை எப்படிப் பயன்படுத்துவது என்பது. பூட்டியிருக்கும் போனிலும் 999 அழைக்கலாம். உங்கள் கம்பெனி சிக்னல் இல்லாத இடத்தில் 112 போட்டுப் பாருங்கள். வேறு எந்தக் கம்பெனி சிக்னல் இருந்தாலும் அதன் வழியாகப் போகும். பாம்பு கடித்தால் முடிந்தால் தூர நின்று பாம்பைப் படம் எடுங்கள். பாம்பை அடிக்கத் துரத்தாதீர்கள், கடித்த இடத்தைக் கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். மருந்து உடம்பில் பட்டிருந்தால் அந்த டின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்து வாருங்கள். நீங்கள் தினமும் சாப்பிடும் மாத்திரைகளையும், கிளினிக் அட்டையையும் இன்றைக்கே ஒரு படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்புலன்ஸ் நம் தோட்டங்களுக்கு வந்து சேராமல் சுற்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் வழி சொல்லத் தெரியாததுதான். "எஸ்டேட் ஆபீஸ் கிட்ட" என்றால் பட்டணத்து டிரைவருக்கு என்ன தெரியும்? தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்தச் சாலையிலிருந்து எந்த வாசல் வழியாக உள்ளே வர வேண்டும், வேலைக்காடு என்றால் பிளாக் நம்பர். இவற்றை மலாய் மொழியில் ஒரு தாளில் எழுதி, வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். மலாய் எழுத வராதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கேளுங்கள், அல்லது கிளினிக்குக்கு வாருங்கள், எழுதித் தருகிறேன். 999-இல் பேசுகிறவர் "வைக்கலாம்" என்று சொல்லும் வரை போனை வைக்காதீர்கள். பேசி முடித்ததும் ஒரு ஆளை மோட்டார் சைக்கிளில் மெயின் ரோட்டு முனைக்கு அனுப்பி, லைட்டைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள்.